உள்ளே வெறும் காத்து

தூத்துக்குடி கடற்கரையில் சொகுசு விடுதி நடத்தும் பொன்னுராஜ் அண்ணாச்சிக்கு, நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீ என்றால் உயிர். அலைக்கு அலை குதிப்பார். வண்டியின் அடிப்பாகம் விரிசல் விடும். அன்றைக்குக் குதித்ததில் கழுத்தில் கிடந்த, நாற்பது பவுன் என்று ஊரே பேசும் சங்கிலியும் கடலோடு போயிற்று. முங்குகிற ஆட்களைக் கடலடியில் துழாவ விட்டுவிட்டு, விரிசல் விட்ட வண்டியோடு ஃபைபர் பட்டறை ஜெனோவாவிடம் வந்து கத்தினார்.

“உள்ளே ஃபோம் வைக்காதே, தண்ணி குடிச்சிரும். கனமும் ஏறக் கூடாது, விரிசலும் விழக் கூடாது. இல்லேன்னா என் படகு ஒண்ணுகூட இந்தப் பட்டறைக்கு வராது!”

ஜெனோவா மெல்லிய குழாய்களை நெடுக்காகப் பிளந்து, அடிப்பாகத்துக்குள் வரிசையாகக் கவிழ்த்து, மேலே ஃபைபர் துணியை ஒட்டி இறுக வைத்தாள்.

மறுநாள் அண்ணாச்சி பட்டறை ஆட்கள் முன்னால் அதைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது.

“எல்லாரும் பாருங்கய்யா, உள்ளே வெறும் காத்து! இது என்னத்தைத் தாங்கும்?”

ஜெனோவா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியை நீட்டினாள்.

“முங்குறவங்களைக் கரையேறச் சொல்லுங்க அண்ணாச்சி. காலையில இது மிதந்து வந்துச்சு. இதுக்குள்ளயும் வெறும் காத்துதான். இத்தனை வருசமா உங்க கெத்தைத் தாங்கலியா?”

அன்றைக்கு அண்ணாச்சி என்ன குதி குதித்தும் வண்டியில் விரிசல் விழவில்லை. சங்கிலியைத்தான் அப்புறம் அவர் கழுத்தில் யாரும் பார்க்கவில்லை.