நீல பெஞ்சு

முத்தரசிக்கு நடந்த அநியாயம் இதுதான். தூக்கம் வரவில்லை என்று கல்லூரிக் கவுன்சிலரைப் பார்க்க வந்தவள், அறைக்கு வெளியே வராந்தாவில் கிடந்த நீல பெஞ்சில் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவ்வளவுதான். மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் சுதர்சன் எழுந்து நின்றான்.

"வழி விடுங்கப்பா, லூசு பெஞ்சு வருது!"

வகுப்பே சிரித்தது. அதோடு சரி, அவள் அந்த வராந்தாப் பக்கம் தலைகாட்டவில்லை. பரீட்சைகூட எழுதாமல் ஊருக்குப் போகிறேன் என்று விடுதியில் பெட்டி கட்டினாள்.

கவுன்சிலர் ரெஜினா மேடத்திடம் பயிற்சிக்கு வந்திருந்த குழலிக்கு ரத்தம் கொதித்தது.

"அவனைப் பிரின்சிபால் முன்னாடி நிறுத்தணும் மேடம். மன்னிப்புக் கேட்க வைக்கணும்."

"கேட்பான். மறுநாள்ல இருந்து அவளுக்கு 'மன்னிப்பு'ன்னு பேரு வைப்பான்."

"அப்போ பெஞ்சையாவது தூக்குவோம். பின்பக்கமா வரச் சொல்லுவோம்."

"ஒளிஞ்சு வர்ற அளவுக்கு அவ என்ன தப்பு பண்ணினா?"

"சரி, அவனை என்னதான் பண்ணப் போறீங்க?"

மேடம் எழுந்தார். தேர்வுப் பிரிவுக்குப் போய், ஹால் டிக்கெட் கட்டைத் தானே கொடுப்பதாகக் கேட்டு வாங்கி வந்தார். விட்டது தொல்லை என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"இது ப்யூன் வேலை மேடம்!"

"ஆமா. நீ பெஞ்சைத் துடை."

நின்றுகொண்டு யாரும் வாங்கக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டால் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். மேடம் கதவைச் சாத்திவிட்டு, "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேட்பார். சிலர் உடனே வெளியே வந்தார்கள். சிலர் வர வெகுநேரம் ஆனது. கபடி டீம் கேப்டன் கண் சிவந்து வந்தான். பெஞ்சில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. அடுத்து உள்ளே போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.

குழலி விடுதிக்கு ஓடினாள். "போறதுன்னா போ. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ."

முத்தரசி வந்தாள். பெஞ்சின் நடுவில் காலை அகட்டிக்கொண்டு சுதர்சன்.

கதவைத் திறந்த மேடம், "தம்பி, நகர்ந்து உட்காரு. அவளுக்கு இடம் வேணும்" என்றார்.

சுதர்சன் வாயைத் திறந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். பெஞ்சு முழுக்க அவன் வகுப்பு. வாயை மூடிக்கொண்டு நகர்ந்தான்.

"நீயும் ஹால் டிக்கெட்டுக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அதுக்கும்தான்" என்றாள் முத்தரசி, வராந்தாவுக்கே கேட்கும்படி.

பரீட்சையன்று அவள் பேனாவைச் சுழற்றிக்கொண்டு ஹாலுக்குள் போனதைப் பார்த்துவிட்டுக் குழலி மூச்சிரைக்க வந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் மேடம்! ஆனா கடைசி வரைக்கும் அவனை நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஏன், நகர்ந்து உட்காரச் சொன்னேனே."