கீறல் விழாத கூடம்

ஒரு காலத்தில் ஒரு கல் கடையின் சுவரில் மரப்பலகையும், பளபளக்கும் டைல்ஸும், சொரசொரப்பான கடப்பா கல்லும் சாய்ந்து நின்றன.

புதுவீடு கட்டிக்கொண்டிருந்த தணிகாசலம், மனைவி வேதவல்லியோடும் பட்டாணி என்ற நாயோடும் அங்கே வந்தார். நாய் இருக்கிற வீடு, நகம் பட்டாலும் தாங்குகிற தரை வேண்டும் என்றார். கீறிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் பைக் சாவியை நீட்டினார்.

பலகை ஒரே இழுப்பில் தழும்பு வாங்கியது. கடப்பா கல்லில் வெள்ளைக் கோடு விழுந்தது. டைல்ஸில் சாவிதான் தேய்ந்தது.

"ஒரு கோட்டுக்கே முகம் வெளுத்துட்டியே" என்று டைல்ஸ் கல்லைக் கேலி செய்தது.

"தொட்டவங்களைப் பிடிச்சுக்கிறது என் பழக்கம். அதுல கோடு விழத்தான் செய்யும்" என்றது கல்.

வேதவல்லி குனிந்து கல்லைத் தடவினாள். "ஏங்க, இதுலதான் பட்டாணிக்குக் கால் நிக்கும்."

தணிகாசலம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸை வாங்கினார். அவள் மனம் கோணக் கூடாதென்று பின்வாசலுக்கு மட்டும் ஒரு கடப்பா கல்.

குடிபோன அன்று மாலை, வெளியே போய் வந்தவரைப் பார்த்துப் பட்டாணி கூடத்தில் ஓடி வந்தது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, மோவாய் தரையில் இடித்தது. அவர் சிரித்தார். மறுநாளும் விழுந்தது. அப்புறம் சுவரோரமாக நடந்தது. சில மாதங்களில் பின்வாசல் கல்லோடு நின்றுவிட்டது. நாய்க்கு ஒழுக்கம் வந்துவிட்டதென்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டார். கூடத்தில் சாக்காவது விரிக்கலாம் என்றாள் வேதவல்லி. பளபளப்பு மறைந்துவிடும் என்றார் அவர். அதன்பிறகு மாலை வேளைகளில் அவளும் பின்வாசலிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

"உள்ளே போகலையா?" என்று கல் ஒருநாள் நாயைக் கேட்டது.

"அவர் நாற்காலி அந்தக் கோடியில இருக்கு. நடுவுல தண்ணி மாதிரி ஒண்ணு கிடக்கு. கால் வெச்சா ஓடுது."

"அவர் இங்கே வரலாமே."

"வருவார்" என்றது பட்டாணி.

வேதவல்லி ஓர் ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த பொங்கலுக்கு முன்பே பட்டாணியும் போனது.

ஒரு மாலை தணிகாசலம் கூடத்தில் மண்டியிட்டு, ஒரு நகக் குறியாவது இருக்கிறதா என்று தேடினார்.

"பதினோரு வருஷம். ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்" என்றது டைல்ஸ் பெருமையாக.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்வாசலுக்குப் போனார். கல் முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஒரு நாய் சுருண்டு படுக்கிற அளவுக்கு வழவழப்பு. அதன் பக்கத்தில், ஒருவர் உட்கார்ந்தெழுந்த இடமும் வழவழத்திருந்தது. அவர் மெல்ல அதில் உட்கார்ந்தார்.

"வருவீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றது கல்.