பெற்றோர் கூட்டத்திற்குப் போன கவைக்கொம்பன்

அல்லிக் குளத்தை அடுத்த காட்டில் புள்ளிமான்களும் மந்திகளும் ஒற்றுமையாய் வாழ்ந்து வந்தன. சிறுத்தையைக் கண்டால் மந்திகள் மர உச்சியிலிருந்து குரல் கொடுக்கும்; கீழே மேயும் மான்கள் ஓடித் தப்பும். அக்குரல் கேட்டதும் ஓடும் கலையை மான்குட்டிகளுக்குக் கற்பிக்க, நீள்வாலி என்னும் மந்தி அங்கே ஒரு பள்ளி நடத்தியது.

ஒருநாள் நீள்வாலி மருதமரக் கிளையில் ஏறி நின்று முழங்கியது.

"நாளைக் காலை பெற்றோர் கூட்டம்! எந்தக் குட்டி மந்தையோடு ஆற்றோரப் புல்வெளிக்குப் போகலாம், எது இன்னும் ஓராண்டு புதருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நாளை முடிவாகும்!"

காடே பரபரத்தது! தாய்மான்கள் குட்டிகளை நக்கி நக்கிப் பளபளப்பாக்கின. கவைக்கொம்பன் என்னும் ஆண்மானுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அதன் மகன் பொட்டு, குரல் கேட்டுச் சில வேளை ஓடுகிறான், சில வேளை நின்றுவிடுகிறான் என்று பேச்சு அடிபட்டது.

"குறை சொல்லட்டும், பார்க்கிறேன்!" என்று கவைக்கொம்பன் பதினெட்டு மறுமொழிகளை மனப்பாடம் செய்தது. மனைவி செம்பி ஆசிரியையாக நடித்தது.

"உங்கள் மகன் மந்தம்!"

"அம்மணி! என் பாட்டனாரைத் துரத்திய காற்று களைத்து உட்கார்ந்ததாம்!"

"புகழ்ந்தால்?"

"தலை தாழ்த்துவேன்."

"ஒன்றுமே சொல்லாவிட்டால்?"

"கனைப்பேன்!"

பிறகு அது கொம்பை மரத்தில் தேய்த்துத் தீட்டியது. அவ்வழியே வந்த காட்டுப்பன்றி நின்று பார்த்தது. "என்ன மானாரே, ஆசிரியையைப் பார்க்கப் போகிறீரா, அல்லது போருக்கா?" என்று சிரித்தது.

இடையில் பொட்டு மெல்ல வந்து, "அப்பா, நான் ஒன்று..." என்றது.

"குறுக்கே பேசாதேடா! இத்தனை பாடும் உனக்காகத்தான்!"

மறுநாள் மருதமரத்தடியில், செம்பியும் பொட்டுவும் அருகில் நிற்க, கவைக்கொம்பன் தன் உரையைத் தொடங்கிற்று. பாட்டனார், முப்பாட்டனார் என்று பரம்பரை முழுவதும் ஓடி முடித்தது. நீள்வாலி பொறுமையாகக் கேட்டது.

"உரை நன்று! எனக்கு ஒரே ஒரு கேள்வி. இடப்புறமிருந்து கூவினால் உங்கள் மகன் அம்பாய்ப் பாய்கிறான். வலப்புறமிருந்து கூவினால் அசைவதே இல்லை. கேட்டால் தலைகுனிகிறான். வீட்டிலும் இப்படித்தானா?"

பதினெட்டில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கவைக்கொம்பன் கனைத்தது. பிறகு தாழ்ந்த குரலில், "எனக்குத் தெரியாது, அம்மணி" என்றது. மகன் பக்கம் குனிந்து, "நீயே சொல், கண்ணா" என்றது.

பொட்டுவின் கண்கள் கலங்கின. "வலக்காதில் என்னமோ அடைத்திருக்கிறது, அப்பா. பத்து நாளாகிறது. சொன்னால் புதரிலேயே விட்டுவிடுவார்களோ என்று பள்ளியில் சொல்லப் பயந்தேன். வீட்டில் சொல்ல வந்தேன், நீங்கள்தான்..."

செம்பி அக்கணமே, "மைனாவே, ஓடி வா!" என்று கூவியது. மான்களின் உடலில் உண்ணி பொறுக்கித் தின்னும் மைனா பறந்து வந்து, பொட்டுவின் காதுக்குள் தலையை நுழைத்தது.

"அடேயப்பா! உண்ணியா இது? நெல்லிக்காய் அல்லவா!" என்று வெடுக்கென்று பிடுங்கி எறிந்தது.

நீள்வாலி ஒரே தாவில் வலப்புறத்துக் கடைசி மரத்திற்குப் போய்க் குரல் கொடுத்தது. அவ்வளவுதான்! பொட்டு நின்ற இடத்தில் புழுதி மட்டுமே இருந்தது. தொலைவில் ஒரு வெள்ளை வால் துள்ளித் துள்ளிப் போயிற்று!

"தேறிவிட்டான்! நாளை முதல் புல்வெளிக்கு அனுப்புங்கள்!" என்றது நீள்வாலி.

"ஓடினான்! என் மகன் ஓடினான்!" என்று கத்திக்கொண்டே கவைக்கொம்பனும் பின்னால் ஓடிற்று.

ஆசிரியரிடம் சொல்லப் போவதைத் திரட்டுமுன், தம் பிள்ளை சொல்ல வருவதைச் செவிகொடுத்துக் கேட்பதே பெற்றோர் செய்யத்தக்க முதல் ஆயத்தமாகும்.