கழுவின கிழங்கும் கழுவாத கிழங்கும்

மேகம் முட்டும் காரைமலை நாட்டை முன்னொரு காலத்தில் சொக்கேந்திரன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நாட்டை அவன் ஆண்டான். அவனை நாக்கு ஆண்டது. மார்கழித் திருவாதிரைக் குழம்பில் சேனைக்கிழங்கு இல்லையென்றால் அன்று அரண்மனையில் யாருக்கும் நிம்மதியில்லை. ஐப்பசி அடைமழையில் மலைப்பாதை அடைபட்டுவிடும். போன வருஷம் வைத்திருந்த கிழங்கெல்லாம் அழுகிவிட்டது.

"ஆளுக்கு நூறு கிழங்கு! திருவாதிரைவரை கெடாமல் காப்பவருக்குப் பண்டசாலைப் பொறுப்பு. தோற்றவர் அரண்மனை வாசலை மிதிக்கக்கூடாது" என்றான் அரசன்.

போட்டிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் பிரதானி மருதப்பர். எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில்தான். மற்றவள் சமையல்காரி வேலாத்தாள். அந்த அடுப்படியை விட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை.

அவள் கிழங்கை மண்ணோடு நிழலில் உலர்த்தி, ஒன்றோடொன்று உரசாமல் காய்ந்த மணலில் அடுக்கினாள். மருதப்பரோ பன்னீரில் மூன்று முறை கழுவிப் பட்டில் பொதிந்து வைத்தார்.

"அரசர் தின்பதைச் சேறும் சகதியுமாகவா வைப்பது?" என்று சபையில் சிரித்தார்.

"மண்ணுதானுங்க அதுக்குச் சட்டை. அவுத்தா சளி பிடிச்சுக்கும்" என்றாள் அவள்.

திருவாதிரையன்று விடிந்ததும் வேலாத்தாள் தன் அறையைத் திறந்தாள். குப்பென்று நாற்றம். நூறும் சொதசொதவென்று அழுகிக் கிடந்தன. பாவம், உயிரே போய்விட்டது அவளுக்கு. ஒன்றை எடுத்துப் புரட்டினாள். புரட்டியவள் சிரித்துவிட்டாள்.

சபையில் மருதப்பர் நூறு நல்ல கிழங்கை மூடிய கூடைகளில் வைத்து மார்தட்டினார்.

"மகாராஜா, ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்" என்ற வேலாத்தாள் மருதப்பர் பக்கம் திரும்பினாள். "உங்க கிழங்கைக் கழுவித்தானே வெச்சீங்க?"

"பன்னீரில்! மூன்று முறை! ஊரே அறியும்!"

"அப்ப மகாராஜா உங்க கையாலயே ஒண்ணை எடுங்க."

அரசன் எடுத்தான். உள்ளங்கையெல்லாம் செம்மண். வேலாத்தாள் தன் அழுகலை நீட்டினாள். அதில் ஒரு பொட்டு மண்ணில்லை, அழுகல் நாற்றத்தையும் மீறிப் பன்னீர் மணத்தது. திருடிய கிழங்கைக் கழுவினால் கெட்டுவிடும் என்று பயந்த மனிதர், தம் வாயால் சொன்னதை மறந்துபோனார்.

சொக்கேந்திரன் வயிறு குலுங்கச் சிரித்தான். "சாவிக்கொத்தை அவளிடம் கொடும். வாசலுக்கு வெளியே போகுமுன் நூறு கிழங்கையும் நீரே நறுக்கும்!"

சேனை சும்மா விடுமா? குழம்பு கொதிப்பதற்குள் மருதப்பருக்கு முழங்கைவரை அரிப்பு. வேலாத்தாள் இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் புளித்தண்ணீர் அனுப்பினாள். அதுவும், தான் நிதானமாகக் களி சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு.