தெய்வசிகாமணி போட்ட பூஞ்சை

மோகனூர் ரோட்டில் தெய்வசிகாமணியின் கோழிப்பண்ணைக்கு யாரும் வழி கேட்டு நின்றதில்லை. மூக்கு இருந்தால் போதும், அதுவே கூட்டிக்கொண்டு போய்விடும்.

அந்தப் பண்ணைக்கு நேர் எதிரில்தான் துளசிமணி மெஸ் வைத்திருந்தாள். அவள் வைக்கும் பருப்புக் குழம்புக்காக ஒரு காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. இப்போது பண்ணையில் கூண்டுக்கு அடியில் கோழி எச்சம் குவிந்து, அதில் ஈ பெருகி, இலையில் சோறு விழுவதற்கு முன்னால் ஈ விழுந்தது. லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த ஊர்க் கடைக்கு நழுவினார்கள். தூத்துக்குடிக்கு உப்பு ஏற்றப் போகும் இருதயராஜ் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தான். அவனும் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் ஈ விரட்டினான்.

ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பண்ணையை மூடச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, துளசிமணி மட்டும் பாக்கி; மனு அவள் மெஸ்ஸில்தான் கிடந்தது. தெய்வசிகாமணி அவளுக்குப் பெரியப்பா மகன். அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா என்று ஒருநாள் தள்ளிப் போட்டாள். அன்றைக்கே ரசத்தில் ஈ மிதந்ததும் ஏன் தள்ளினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. மறுநாள் மத்தியானம் வழுக்கைத் தலை பளபளக்க மெஸ்ஸுக்குள் வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் இருதயராஜ், இன்னொரு பக்கம் தென்னந்தோப்புக்கார ராக்கியப்பன்.

"அம்மிணி, இனி ஈங்கற பேச்சே கிடையாது. பூஞ்சை போட்டுட்டேன்" என்றார்.

"பூஞ்சைங்களா? ஊறுகாய்ல பூக்குமே, அதுங்களாண்ணா?"

"அது படிக்காத பூஞ்சை அம்மிணி. இது காலேஜ்ல வளர்ந்தது. நாமக்கல்ல போயி டிரெய்னிங் எடுத்துட்டு வந்து போட்டிருக்கறேன்."

அவர் பயிற்சிக்குப் போனது நிஜம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார் என்பது வேறு விஷயம்.

"ஒரே ஒரு பிடி தூவுனேன். விடிஞ்சு போய்ப் பாக்கறேன், மலையாட்டம் கெடந்த எச்சம் பாதி காணோம். பூஞ்சை ஏப்பம் உடற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது!"

"ஆமா அண்ணாச்சி, நானும் கேட்டம்லா" என்றான் இருதயராஜ். "டயர் வெடிச்சிட்டுன்னு எறங்கிப் பாத்தேன்."

"பாத்தியா, சாட்சியே வந்தாச்சு!" கிண்டலை அப்படியே அள்ளி மடியில் கட்டிக்கொண்டார் தெய்வசிகாமணி. "அது திங்கும்போது கெளம்பற சூடு இருக்குதே, சொன்னா நம்ப மாட்டீங்க. மேல கூண்டுல கோழி போடற முட்டையெல்லாம் வெந்தே உழுகுது. வேலையாளுங்க ஓட்டை உரிச்சு, மொளகுத்தூள் போட்டுத் தின்னுக்கிட்டேதான் பொறுக்கறானுங்க."

"முட்டை வெந்துச்சுன்னா கோழி வேகலீங்களா மச்சான்?" என்று கேட்டார் ராக்கியப்பன்.

"வேகாம இருக்குமா? அதுக்குத்தான் கூண்டுக்குக் கூண்டு தொட்டி கட்டித் தண்ணி உட்டேன். எல்லாம் நீச்சல் பழகிருச்சு. இப்ப வாத்துன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்குது."

துளசிமணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அவர் ஜெயித்துவிடுவார் என்று சாம்பார் வாளியைப் பார்த்துக் குனிந்தாள். வாளிக்குள் மூன்று ஈ கிடந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நாத்தம் அப்படியேதானுங்க இருக்குது?" என்றாள்.

"நாத்தமா? சந்தனம் அம்மிணி, சந்தனம்! மைசூர்லருந்து ஒரு சென்ட் யாவாரி வந்தான். மோந்து பாக்கறேன்னு கூண்டுக்கடியில தலையக் குடுத்தவன், இன்னும் எந்திரிக்க மாட்டேங்கறான். சோறு தண்ணியெல்லாம் அங்கயேதான் போகுது."

அப்போது பார்த்து ஒரு கொழுத்த ஈ வந்து அவர் வழுக்கையின் நடுவில் உட்கார்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். தெய்வசிகாமணி அசையவில்லை.

"இது நம்மூரு ஈ இல்ல" என்றார் மெதுவாக. "செத்துப்போன சொந்தக்காரங்களுக்குத் துக்கம் கேக்க வெளியூர்லருந்து வந்திருக்குது. வெரட்டக் கூடாது, பாவம்."

இருதயராஜுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துத் தலையைத் தட்டிக்கொண்டு, "அந்த எருவைப் போட்டா பயிரு எப்படி அண்ணாச்சி வருது?" என்று எடுத்துக் கொடுத்தான்.

"பயிரை உடு. எரு கையோட மறதியாத் தலையத் தடவிப்புட்டேன். காத்தால முடி முழங்காலு வரைக்கும் தொங்குது! எம்பட ஊட்டுக்காரி எவளோ பொம்பள வந்துட்டான்னு வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டா."

"இப்ப அந்த முடி எங்கீங்க மச்சான்?"

"பழனியில குடுத்துட்டு வந்துட்டேன். குடும்பம் முக்கியமா, முடி முக்கியமா?"

அத்தோடு விட்டிருந்தால் அவரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். எதற்கு வந்தோமோ அது ஞாபகம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணுதான் கவலை. பூஞ்சைக்கு இப்பத் தீனி பத்தல. எச்சத்தைத் தின்னு, றெக்கையைத் தின்னு, சாக்கைத் தின்னு, நேத்துப் பண்ணைக் கேட்டுல பாதியத் தின்னுருச்சு. ரோஷமும் சாஸ்தி. பண்ணைய மூடச் சொல்லி யாராச்சும் கையெழுத்துப் போட்டா, அவங்க ஊட்டுப் பக்கமா வேராட்டம் நூலு உட்டுத் திரும்பிக்கும் போல இருக்குது. எனக்கு உம்மேலதான் அம்மிணி கவலை."

துளசிமணி வாளியைக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம் பொழுதுபோக்கு. இது அவள் சோற்றுக்கு விட்ட மிரட்டல். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் ஒரு பார்சல் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"இங்க தெய்வசிகாமணிங்கறது யாருங்க? பண்ணையில ஆளக் காணோம். பூஞ்சை வித்து மூட்டை வந்து, போன வாரத்துலருந்து எங்க ஆபீஸ்லயே கெடந்துச்சு, இன்னைக்கு நானே கொண்டாந்துட்டேன். போன் பண்ணா எடுக்கறதே இல்லையே!"

எல்லார் தலையும் நடு பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

தெய்வசிகாமணி ஒரு வாய் மோர் குடித்தார். மீசையைத் துடைத்தார். "பாத்தீங்களா அதோட புத்தியை" என்றார். "மொதல்ல வந்த பூஞ்சை இங்க தீனி நல்லா இருக்குதுன்னு சொந்தக்காரங்களுக்குச் சேதி அனுப்பிருக்குது!"

துளசிமணி பார்சல்காரரின் பேனாவை வாங்கினாள். அரிசி டப்பாவுக்கு மேலிருந்த மனுவை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டாள்.

"அண்ணா, இது எங்கிட்டயே இருக்கட்டும். பூஞ்சை வாயத் தொறந்தா மனு இந்த ஊட்டுலயே இருக்கும். நீங்க வாயத் தொறந்தா கலெக்டருக்குப் போயிரும்."

தெய்வசிகாமணி சாப்பிடாமல் எழுந்தார்.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. ராக்கியப்பன் தோப்பிலிருந்து தென்னை நார்க்கழிவு வண்டி வண்டியாக வந்தது. நார்க்கழிவு ஒரு அடுக்கு, எச்சம் ஒரு அடுக்கு, நடுவில் பூஞ்சை வித்து என்று போட்டு, காயாமல் தண்ணீர் தெளித்தார்கள். மெஸ்ஸில் பந்தி முடிந்ததும் துளசிமணி தினமும் போய் நின்றாள். வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நாளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை அவளே வாங்கிக் குவியலைப் புரட்டினாள். அதைப் பார்த்துத் தெய்வசிகாமணியும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர் வாயே திறக்கவில்லை. சொல்லாமல் அடக்கி வைத்ததில் ஆள் இளைத்தே போனார்.

குவியல் மேல் வெள்ளை நூலாக என்னவோ ஓடியது. கை வைத்தால் உள்ளே வெதுவெதுப்பு. அப்புறம் வாரம் வாரமாகக் குவியல் தாழ்ந்தது, கறுத்தது. ஒருநாள் துளசிமணி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். சந்தனம் இல்லை. மழை பெய்த காட்டு மண் மாதிரி இருந்தது. ஈ ஒரேயடியாக ஒழியவில்லை என்றாலும் இலையை விட்டு ஒதுங்கியது. மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டாள். எரு ராக்கியப்பன் தோப்புக்குப் போனது.

லாரிகள் திரும்பி வந்தன. மெஸ் நிறைந்திருந்த ஒரு மத்தியானம் தெய்வசிகாமணி வந்தார். அவர் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. பேசினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"கோழி எச்சத்துல நார்க்கழிவு கலந்து பூஞ்சை போட்டுப் புரட்டுனேனுங்க. கொஞ்ச நாள் பொறுத்தா மண்ணாயிருச்சு. நாத்தம் துளிகூட இல்ல. கையில அள்ளி மோந்து பாக்கலாம்."

மெஸ்ஸே வெடித்துச் சிரித்தது. இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, அளக்கதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? கோழி நீச்சலடிச்சுதுன்னீங்க, போனாப் போவுதுன்னு கேட்டோம். கோழிப்பீய மோந்து பாக்கச் சொன்னா எப்படி?"

"நெசந்தானப்பா! மச்சான், உங்க தோப்புல கெடக்குதே, சொல்லுங்களேன்!"

ராக்கியப்பன் முருங்கைக்காயை மென்றுகொண்டே இருந்தார்.

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது, கண்கூடக் கலங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிஜத்தைச் சொன்ன மனிதர், அதற்கு ஒரு சாட்சி இல்லாமல் தவித்தார். "அம்மிணி, நீயாச்சும் சொல்லு! நீயும் நானுந்தானே புரட்டுனோம்!"

மெஸ் மொத்தமும் துளசிமணியைப் பார்த்தது. அவள் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை ஊற்றினாள்.

"கோழிப்பீயாவது, மண்ணாவறதாவது" என்றாள். "சாப்பிடுங்கண்ணா, ஆறிப்போகுது."