கூகைமலையில் மாட்டிக்கொண்ட மூன்று பேர்

சித்திரை வெயில் அரண்வாய்ப்பட்டியில் தாங்க முடியாமல் போனபோது, ஒச்சப்பனும், அவருடைய மச்சான் சங்கிலியும், பக்கத்து வீட்டுத் திருமேனியும் கூகைமலை உச்சிக்குப் போய் உடம்பைக் குளிர வைத்துக்கொண்டு வரலாம் என்று கிளம்பினார்கள். மூவரும் தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்பார்கள்.

அடிவாரத்தில் வனக்காவலர் பரமன் அவர்களை நிறுத்தினார். "மலை செங்குத்து. மூச்சு வாங்கும். அவசரப்படாம அங்கங்க நின்னு வாங்கிட்டுப் போங்க. பாறை ஏறும்போது கல்லைப் பிடிச்சா கையை விட்றாதீங்க. மேகம் இறங்குறதுக்குள்ள வந்துருங்க" என்றார்.

பாதி வழியில், நெல்லி மரத்தடியில் பெரியவர் ஒருவர் மோர் விற்றுக்கொண்டிருந்தார்.

"மூச்சு இருக்குங்களா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கப்போய்த்தானே உக்காந்திருக்கேன்."

"மூணு பேருக்குக் காணுமா?"

"எனக்கே இழுத்துக்க பறிச்சுக்கன்னு இருக்கு. மோர் வேணா குடிங்க."

மூவரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள்.

"சரக்கு கம்மி போலிருக்கு" என்றார் திருமேனி.

"வயசான மனுசன். இருக்கறதையும் நாம வாங்கிட்டுப் போனா பாவம்" என்றார் ஒச்சப்பன்.

கையிருப்பை வைத்தே சமாளிப்பது என்று முடிவாயிற்று. வாயை இறுக்கி மூடி, எப்போதாவது ஒரு மூச்சு விட்டு ஏறினார்கள். திருமேனி நடுவில் மயங்கி விழுந்தார். விழுந்தபோதும் சிக்கனத்தை விடவில்லை.

பாறைச் சரிவு வந்தது. முதலில் ஏறிய சங்கிலி, பூசணிக்காய் அளவுக் கல் ஒன்றைப் பிடித்தார். கல் பெயர்ந்தது. கல்லும் சங்கிலியும் ஒன்றாகவே கீழே வந்து சேர்ந்தார்கள்.

"என்ன மச்சான், அடி பட்டுருச்சா?"

"பட்டுச்சு மாமா. ஆனா கையை விடலை."

ஒச்சப்பன் பெருமையோடு அவர் தோளைத் தட்டினார். சங்கிலியின் இரண்டு கையும் கல்லில் இருந்ததால், முன்னால் ஒருவர் துண்டைக் கட்டி இழுக்க, பின்னால் ஒருவர் தலையால் முட்ட, ஒருவழியாக உச்சிக்கு வந்தார்கள்.

மேலே காற்று ஜில்லென்று அடித்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் சுவர் மாதிரி இன்னொரு பாறை நின்றது. கைவலி தாங்காமல் சங்கிலி "அய்யோ!" என்று கத்தினார்.

எதிர்ப்பாறையிலிருந்து "அய்யோ!" என்று கேட்டது.

மூவரும் சட்டென்று எழுந்துவிட்டார்கள்.

"யாரது?" என்று கூவினார் ஒச்சப்பன்.

"யாரது?" என்றது எதிர்ப்பக்கம்.

"தாங்க யாருன்னு அவங்களுக்கே தெரியலை. வெயில்ல மூளை கலங்கிருச்சு" என்ற ஒச்சப்பன், "இங்க நாங்க மூணு பேரு!" என்று தைரியம் கொடுத்தார்.

"மூணு பேரு!"

"அங்கயும் மூணு பேராம்" என்று திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைகுட்டிக்காரங்களா இருப்பாங்க."

"பயப்படாதீங்க! நாங்க வர்றோம்!"

"நாங்க வர்றோம்!"

சங்கிலி யோசித்தார். "மாமா, அவங்க இங்க வந்து, நாம அங்க போயிட்டா?"

நியாயமான கேள்விதான். ஒச்சப்பன் அவசரமாகக் கூவினார்: "வேணாம்! அங்கயே இருங்க!"

"அங்கயே இருங்க!"

"நம்மளை இருக்கச் சொல்றாங்க" என்றார் திருமேனி.

இருந்தார்கள்.

மேகம் இறங்கியது. எதிர்ப்பாறை மறைந்தது. திருமேனி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு மறுபடியும் கட்டி வைத்துவிட்டார். "அவங்க பட்டினி கிடக்கறப்ப நமக்கு எப்படி இறங்கும்?" மூவருக்கும் வயிறு காந்தியது. ஆனாலும் ஒருவரும் பொட்டலத்தைத் தொடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பரமன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஏய்யா, மேகம் இறங்குறதுக்குள்ள வரச் சொன்னேனே!"

ஒச்சப்பன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களை விடுங்க சார். அந்தப் பாறையில மூணு பேரு மாட்டிக்கிட்டாங்க. முதல்ல அவங்களைக் காப்பாத்துங்க." நம்ப மாட்டாரோ என்று ஒருமுறை கூவியும் காட்டினார். பதில் வந்தது.

பரமன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அங்க ஒரு ஆளும் இல்லய்யா. அது உங்க குரல்தான்."

ஒச்சப்பன் தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார். திருமேனியும் தடவிப் பார்த்தார்.

"எங்க குரலா அங்க இருக்கு?"

"ஆமாய்யா, ஆமா. கிளம்புங்க. நீ முதல்ல அந்தக் கல்லைக் கீழே போடு."

சங்கிலி அதை அடிவாரம்வரை சுமந்து வந்து கீழே போட்டார்.

வழி நெடுக மூவரும் வாயே திறக்கவில்லை. பரமனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "என்னய்யா, கோவமா? ஏதாச்சும் பேசுங்களேன்."

"எப்படி சார் பேசுறது?" என்றார் ஒச்சப்பன், காட்டுப் பறவைகள் எழுந்து பறக்கும்படி. "குரல்தான் மேலயே கிடக்குதே!"

திருமேனி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். "காலையில வரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்தேன் சார்."