பசுவுக்கு வாசித்த வேதபாகம்

வேதக்கண் அண்ணாச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பெயரோ வேதக்கண். என்ன செய்ய, பெயர் வைத்த பெற்றோர் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறந்துபோனார்கள்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மலையடிவாரத்து அந்தச் சின்னக் கிறிஸ்தவ ஆசிரமத்தில், தினமும் காலை ஆராதனையில் பைபிளிலிருந்து வேதபாகம் வாசிக்கிறவரே அவர்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு வருஷம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்பார்களே, அது இவருக்குத்தான் பொருந்தும்.

எப்படி மறைத்தார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவர் அங்கே வந்தபோது வயது ஐம்பத்தொன்று. அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தோள் தேய்ந்திருந்தது. மனைவி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. இனிமேல் கர்த்தருடைய வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டாவது கிடப்போம் என்று ஒரு பையோடு வந்துவிட்டார். ஆசிரமத்து வாசல் நிலை தாழ்வு. 'தலை குனிந்து வரவும்' என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கியது. அண்ணாச்சி நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பார்த்தபடியே நடந்து, நிலையில் மடேரென்று இடித்துக்கொண்டார்.

ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தவர் ஆசிரமத்தின் தலைவி சலோமி. அவருக்கு அப்போது முப்பத்தாறு வயதுதான். ஆனால் தலைமையில் இருப்பவர் எந்த வயதானாலும் 'பெரியக்கா' என்பது அந்த ஆசிரமத்து வழக்கம். இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்று வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போவார்கள்.

"ரொம்ப வலிக்கா, அண்ணாச்சி?" என்று பெரியக்கா கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் பெரியக்கா, "நாளையிலிருந்து பாகம் வாசிக்க ஒரு ஆள் வேணுமே" என்றார். அதுவரை வாசித்தவர் ஊர் மாறிப் போயிருந்தார்.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

ஏன் எழுந்தார் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆயுசு முழுக்க 'ஏ, மூட்டை!' என்றே கூப்பிடப்பட்ட மனிதர். ஒரு தடவையாவது கையில் புத்தகத்தோடு நாலு பேருக்கு முன்னால் நிற்க ஆசைப்பட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்த பிறகு உட்காருவதற்கு வெட்கமாக இருந்தது.

பெரியக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"சரி, அண்ணாச்சி" என்றார்.

அன்று சாயங்காலம் பசுவைக் கறக்க உட்கார்ந்தவருக்கு, விடிந்தால் மானம் போகும் என்று தெரியும். அந்த நேரம் பார்த்து, பெரியக்கா புத்தகத்தோடு வந்து கொட்டில் சுவரோரம் நின்றார். மறுநாள் பாகத்தைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடித்ததும், முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். புத்தகத்துக்குள் ஒரு மயிலிறகை வைத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சிக்கு எழுத்துதான் வராது. காது இருக்கிறதே, அது ஒரு தனிப் பிறவி. இரண்டு தடவை கேட்டால் போதும், உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும்.

மறுநாள் காலை, எப்போதோ சந்தையில் வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மயிலிறகு இருந்த இடத்தைத் திறந்து, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். அம்மாடி, என்ன குரல்! வெண்கல மணி கெட்டது போங்கள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமும் அப்படியே நடந்தது. சாயங்காலம் பெரியக்கா கொட்டிலோரம் வருவார், இரண்டு தடவை வாசிப்பார். காலையில் அண்ணாச்சி 'வாசிப்பார்'. வெளியூர் போகவேண்டியிருந்தால் பெரியக்கா முந்தின நாளே நாலு நாள் பாகத்தையும் சேர்த்து வாசித்துவிட்டுப் போவார்.

"பெரியக்கா பசுவுக்கு வேதம் படிச்சுக் கொடுக்காங்க. அடுத்தது ஞானஸ்நானம்தான்" என்று ஆசிரமத்தில் கேலி பேசுவார்கள்.

பெரியக்காவும் சிரிப்பார். "பசு கெட்டிக்காரி" என்பார்.

அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு தனியாகக் கிடந்து கூசிப்போவார். அந்த அம்மா ஏதோ ஜெப வழக்கமாக வாசிக்க, நாம் அதைத் திருடிப் பிழைக்கிறோமே என்று நெஞ்சு அரிக்கும். சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ தடவை அவர் அறை வாசல்வரை போயிருக்கிறார். போய் நின்று, "பிண்ணாக்கு தீர்ந்துபோச்சு, பெரியக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் இல்லையா? போன ஐப்பசியில் அகப்பட்டார்.

பட்டணத்திலிருந்து பதினைந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆசிரமத்துக்கு அன்பளிப்பாகப் புது மொழிபெயர்ப்பு வேதபுத்தகங்கள் கொண்டுவந்திருந்தார்கள். பெரியக்காவோ, கீழூரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தார். கூட வந்த பேராசிரியர் துரைசிங்கம் புத்தம் புதுசாக ஒன்றை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

"முதல் வாசிப்பு உங்க கையாலதான் நடக்கணும், ஐயா."

பெரிய மரியாதை. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? அந்தப் புத்தகத்தில் மயிலிறகும் இல்லை. அண்ணாச்சி குத்துமதிப்பாக ஓரிடத்தைத் திறந்துகொண்டு ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஒரு சங்கீதம். நான் உட்காருவதும் உமக்குத் தெரியும், எழுவதும் தெரியும், என் நாவில் சொல் வருமுன்பே அதுவும் தெரியும் என்று போகிற பாட்டு.

எல்லார் கையிலும் புதுப் புத்தகம் விரிந்திருந்தது. எல்லார் விரலும் வரியைத் தொட்டுக்கொண்டு போனது. புத்தகத்தில் 'ஆண்டவரே' என்று இருக்கிறது, அண்ணாச்சி 'கர்த்தாவே' என்கிறார். ஒரு விரல் நின்றது. இன்னொரு விரல் நின்றது. தலைகள் நிமிர்ந்தன. தன் குரலில் சொக்கித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, பாவி மனுஷன் இன்னும் உரக்க எடுத்தார்.

முடிந்ததும் துரைசிங்கம் தணிந்த குரலில் சொன்னார். "ஐயா, நீங்க சொன்னது பழைய மொழிபெயர்ப்பு. இது புதுசுல்லா?"

"கண்ணாடி சரியில்ல..." என்றார் அண்ணாச்சி.

துரைசிங்கம் உதவி செய்வதாக நினைத்து, குனிந்து அவர் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"இது சங்கீதமே இல்லையே. கோத்திரத்துக்கு எத்தனை பேர்னு தலை எண்ணின அதிகாரம்லா இது?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஆலயம் சின்னது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். சிரித்ததுகூடப் பரவாயில்லை. இரக்கப்பட்டு நிறுத்தியதுதான் அண்ணாச்சியைக் கொன்றது.

புத்தகத்தை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்தபடி வெளியே நடந்தார்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இரண்டு வேட்டியையும் மனைவி படத்தையும் பையில் வைத்துக் கட்டினார். அப்போதே போயிருப்பார். சாயங்காலம் பசுவை யார் கறப்பது? அவர் கையைத் தவிர வேறு கைக்கு அது நிற்காது. கறந்து வைத்துவிட்டுப் போவோம் என்று கொட்டிலிலேயே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கமான நேரத்துக்குப் பெரியக்கா வந்தார். பிரசவம் நல்லபடியாக முடிந்திருந்தது. சேலை முழுக்கச் சேறு.

"அண்ணாச்சி."

செம்பில் பால் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மத்தியானம் சாப்பிடலியாமே."

"பசிக்கல, பெரியக்கா."

"பை கட்டியிருக்கு."

"கறந்துட்டுப் போயிருதேன். மடி கனத்துக் கெடக்கு, பாவம்."

"என்னத்துக்குப் போணும்?"

"உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே."

"அவங்க சொன்னாங்க. நீங்க சொல்லல."

அண்ணாச்சி திரும்பவில்லை. பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, பெரியக்கா. ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. நீங்க ஜெபத்துக்கு வாசிக்கிறதை ஒட்டுக் கேட்டு, காலையில வாசிக்கிற மாதிரி நடிச்சேன். பன்னெண்டு வருசமா உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

பன்னிரண்டு வருஷமாக வராத வாக்கியம். ஒரு வழியாக வந்துவிட்டது.

"சொல்லி முடிச்சாச்சா?"

"இல்ல." துண்டால் மூக்கைத் துடைத்தார். "இன்னைக்கு என்ன பாகம்? உக்காந்தாத் தெரியும், எந்திரிச்சாத் தெரியும், சொல்லு வாரதுக்கு முந்தியே தெரியும். அதை நானே என் வாயால சொன்னேன். மனுசங்க சிரிச்சது போட்டும். கர்த்தருக்கு மொத நாள்லேர்ந்தே தெரியுமே. கண்ணாடியை மாட்டிக்கிட்டு நான் ஆடுன கூத்தை தெனமும் பாத்துக்கிட்டுல்லா இருந்திருப்பாரு? எந்த முகத்தோட என்னைப் பாத்திருப்பாரு, பெரியக்கா? நினைச்சாலே கூசுது. எங்க போய் ஒளிய?"

பெரியக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உங்க நெத்தியில ஒரு தழும்பு இருக்குல்லா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது.

"ஆமா. வந்த அன்னைக்கு வாசல்ல இடிச்சது."

"அங்க ஒரு பலகை தொங்குச்சு."

"தொங்குச்சு."

"இப்ப இருக்கா?"

"இல்ல. அதான் தச்சர் வந்து நிலையை ஒசத்தி வச்சாச்சே. இனி எதுக்குப் பலகை?"

"எப்ப ஒசத்தினது?"

"அது... நான் வந்த அந்த வாரமே..."

கறந்துகொண்டிருந்த கை நின்றுபோனது. பசு திரும்பிப் பார்த்தது.

அண்ணாச்சி மெல்ல முகத்தைத் திருப்பினார். காலையிலிருந்து இப்போதுதான் ஒரு மனித முகத்தைப் பார்க்கிறார்.

"மொத நாளேவா, பெரியக்கா?"

"எழுத்தைப் பாத்துக்கிட்டேதான வந்து இடிச்சீங்க?"

"தெரிஞ்சுமா என்னை வாசிக்க விட்டீங்க?"

"எந்திரிச்சு நின்னுட்டீங்களே, அண்ணாச்சி. உக்காருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"அப்போ தெனமும் இங்க வந்து ரெண்டு தடவை வாசிச்சது..."

"பின்னே? பசுவுக்குன்னா நினைச்சீங்க?"

அண்ணாச்சி துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். மழையிலும், காய்ச்சலிலும், கால் சுளுக்கிய நாளில் கம்பை ஊன்றிக்கொண்டும் அந்த அம்மா இந்தச் சுவரோரம் வந்து நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஊரில் இருந்த ஒரு நாளாவது தவறியதுண்டா? காலையில் வந்த வெட்கம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. இது வேறு வெட்கம். இதில் ஓடத் தோன்றவில்லை, உட்கார்ந்து அழத்தான் தோன்றியது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிட்ட" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க வந்து வந்து பிண்ணாக்கைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டீங்க."

அழுகைக்கு நடுவே அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் வெட்கப்பட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நாளைக்கு எப்படி அவங்க முன்னால போய் நிக்க?"

"வெறுங்கையோட நில்லுங்க. புத்தகமும் வேண்டாம், அந்தக் கண்ணாடியும் வேண்டாம்."

பெரியக்கா தோள்பையிலிருந்து புதுப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேடிப் பிரித்து, சுவரோரம் தன் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நாளைக்கும் இதே சங்கீதம்தான், அண்ணாச்சி. வார்த்தையெல்லாம் மாத்தியிருக்காங்க, ரெண்டு தடவை பத்தாது. மூணு தடவை வாசிக்கேன். நீங்க கறங்க."